தொப்பூர் கணவாயில் ஒரு பலூன்

1942ஆம் வருஷம் கோடைக்காலம். காலை ஏழு மணிக்கு நானும் என் மனைவி மியாவும் சேலத்தில் தர்மபுரி பஸ்ஸுக்காகக் காத்து நின்றோம். எங்களிடம் ஒரு தகரப் பெட்டியும் ஒரு துணி மூட்டையும் இருந்தன. ரங்கூனில் நாங்கள் நடத்திய குடித்தனத்தில் மிஞ்சியது அவ்வளவுதான். அரக்கான் மலை வழியே நடந்து, கப்பலேறி, கல்கத்தா வந்து, அங்கிருந்து ரயிலில் சென்னைக்கும் சேலத்துக்கும் வந்து சேர்ந்திருந்தோம். எங்களைப் போலவே ரங்கூனிலிருந்து ஓடிவந்த ஒரு நண்பர் தம் வீட்டில் சில நாள் இடம் கொடுத்தார். அக்கம்பக்கத்தார் வாசலில் வந்து நின்று மியாவின் முகத்தைப் பார்க்கத் தொடங்கியதும், இனி அங்கே தங்குவது அவருக்குச் சங்கடம் என்று எனக்குப் பட்டது. காரிமங்கலத்துக்குப் பக்கத்தில் என் சித்தப்பா கேழ்வரகு விவசாயம் செய்துகொண்டிருந்தார். சிறு வயதில் ஒரே ஒரு முறை அந்த ஊரைப் பார்த்திருக்கிறேன். வேறு போக்கிடம் இல்லாததால் அங்கே கிளம்பினோம்.

மியா பர்மாக்காரி. அவள் பெயருக்கு மரகதம் என்று அர்த்தம். ரங்கூனில் நான் ஒரு கப்பல் கம்பெனியில் குமாஸ்தா. அவள் டெலிபோன் ஆபீஸில் லைன் போட்டுக் கொடுக்கும் வேலை பார்த்தாள். எனக்குக் கடைத்தெருவில் பேரம் பேசும் அளவுக்குப் பர்மியப் பாஷை தெரியும். அவளுக்குத் தமிழில் பத்துப் பதினைந்து சொற்கள் தெரியும். ஆகவே வீட்டில் பெரும்பாலும் இங்கிலீஷில்தான் பேசிக்கொள்வோம். அவளுடைய இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படித்த இங்கிலீஷ் அல்ல. நாள் முழுதும் சிப்பாய்களும் கப்பல்காரர்களும் காதில் கத்திக் கத்தி அவர்கள் பேச்சே அவள் பேச்சாகிவிட்டது. அவளிடமிருந்து அது எனக்கும் தொற்றிக்கொண்டது.

சென்னையில் இறங்கியபோது ஊர் பாதி காலியாகக் கிடந்தது. ஜப்பான்காரன் குடை பிடித்துக்கொண்டு ஆகாயத்திலிருந்து குதிப்பான் என்றும், முன்கூட்டியே ஆள் அனுப்பி உளவு பார்க்கிறான் என்றும் எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பர்மியப் பாஷையை யாராவது கேட்டால் ஜப்பான் பாஷை என்றே நினைப்பார்கள் என்று பயந்து, வெளியில் இங்கிலீஷ் மட்டுமே பேச வேண்டுமென்று மியாவிடம் சொல்லியிருந்தேன். சர்க்காரின் பாஷையைப் பேசினால் யார் என்ன சொல்ல முடியும் என்பது என் எண்ணம்.

பஸ் கரியில் ஓடுவது. யுத்தம் வந்து பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்ட பிறகு எல்லா பஸ்களுக்கும் பின்னால் பீப்பாய் போல ஓர் அடுப்பைப் பொருத்திவிட்டார்கள். அதில் கரியைப் போட்டுக் காற்றாடியைச் சுழற்றி, புகை வந்த பிறகுதான் எஞ்சின் கிளம்பும். தர்மபுரிக்கு நாற்பது மைல். ஆளுக்குப் பன்னிரண்டு அணா டிக்கெட். எங்களுக்கு முன் வரிசையில், மூடின கோட்டும் தலைப்பாகையும் அணிந்த ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். கண்டக்டர் அவரை வாத்தியாரே என்று அழைத்ததால் பள்ளிக்கூட ஆசிரியர் என்று தெரிந்துகொண்டேன். மியா ஏறியபோது அவளை ஒரு தரம் பார்த்தார். பிறகு திரும்பிப் பார்க்கவே இல்லை. அந்தத் திரும்பாமையே எனக்கு உறுத்தலாக இருந்தது.

ஓமலூர் தாண்டியதும் மியாவிடம் தணிந்த குரலில் ஒரு விஷயம் சொன்னேன். ரங்கூனில் கடைசி மாதங்களில் அவள் ராணுவ லைன்களில் வேலை பார்த்தவள். எந்தப் பட்டாளம் எங்கே போகிறது என்பதெல்லாம் அவள் காது வழியாகப் போன சமாசாரம். ஜப்பான்காரி போல முகம், தலைக்குள் ராணுவப் பேச்சு. இந்த இரண்டும் ஒரே ஆளிடம் இருப்பதாகப் போலீஸுக்குத் தெரிந்தால் யுத்தம் முடியும்வரை வெளியே விடமாட்டார்கள். ஆகவே டெலிபோன் என்ற வார்த்தையே வாயில் வரக்கூடாது என்றேன். அவள் வெளியே பார்த்தபடி, ‘ஐ வோன்ட் ஸ்பில் த பீன்ஸ்’ என்றாள். சொல்லுக்குச் சொல் பார்த்தால், அவரைக்கொட்டையைக் கொட்டமாட்டேன் என்றாகும். ரகசியத்தை வெளியே விடமாட்டேன் என்பதுதான் பொருள். முன்வரிசைத் தலைப்பாகை லேசாக அசைந்தது.

தொப்பூர் கணவாயில் ஏற்றம் தொடங்கியதும் பஸ் இருமி இருமி நின்றுவிட்டது. கரியில் வரும் சக்தி சமவெளிக்கு மட்டும்தான் போதும். டிரைவர் எல்லோரையும் இறங்கச் சொன்னார். இருபுறமும் காய்ந்த கரடு. வெயிலில் பாறை மின்னியது. பெண்டுபிள்ளைகளோடு எல்லோரும் மேலே நடந்தோம். ஆண்கள் சிலர் பஸ்ஸைத் தள்ளினார்கள். அப்போது கீழேயிருந்து ராணுவ லாரிகள் வரிசையாக வந்து எங்களைப் புழுதியில் முழுக்கிவிட்டு பெங்களூர்ப் பக்கம் ஏறிப் போயின. லாரிகளின்மேல் பச்சை வலை போர்த்திய பீரங்கிகள் இருந்தன. சில வாரமாக மியா மறந்திருந்த பயம் திரும்பி வந்துவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டு, ‘த பலூன்ஸ் கோன் அப் ஹியர் டூ’ என்றாள்.

ரங்கூன்மேல் முதல் குண்டு விழுந்த அன்று அவளுடைய எல்லா லைன்களிலும் ஒலித்த வாக்கியம் அது. பலூன் மேலே போய்விட்டது என்றால் சண்டை ஆரம்பமாகிவிட்டது என்று சிப்பாய்கள் பேச்சில் அர்த்தம். இங்கேயும் வந்துவிட்டதா என்றுதான் அவள் கேட்டாள். எங்களுக்குச் சற்று முன்னால் நடந்துகொண்டிருந்த வாத்தியார் நின்று, நெற்றிக்குமேல் கையை வைத்துக்கொண்டு வானத்தை நாலா பக்கமும் பார்த்தார்.

கணவாயைத் தாண்டி, தர்மபுரிக்கு முன்னால் ஓர் ஊரில் பஸ் தண்ணீருக்காக நின்றது. அந்த ஊரின் பெயரை எழுதாமல் விடுகிறேன். அங்கே நடந்தது எந்த ஊரிலும் நடந்திருக்கக்கூடியதுதான். வாத்தியார் எல்லோருக்கும் முன்னால் இறங்கி வேகமாக எங்கோ போனார். நான் டீ வாங்கிக்கொண்டு திரும்புவதற்குள் ஏட்டு ஒருவரும் இரண்டு போலீஸ்காரர்களும் பஸ்ஸைச் சுற்றி நின்றார்கள். எங்கள் பெட்டி ஏற்கெனவே கீழே இறங்கியிருந்தது. பஸ் எங்களை விட்டுவிட்டுப் போயிற்று. அதிலிருந்தவர்கள் ஜன்னல் வழியே தலையை நீட்டி, கண்ணுக்கு மறையும்வரை மியாவையே பார்த்துக்கொண்டு போனார்கள்.

ஏட்டு முரட்டு ஆள் அல்ல. எங்களை ஸ்டேஷனுக்கு அழைத்துப்போய் ஒரு பெஞ்சில் உட்காரவைத்து, குடிக்கத் தண்ணீர் தரச் சொன்னார். எங்கிருந்து வருகிறோம், யார் வீட்டுக்குப் போகிறோம், மியா எனக்கு என்ன உறவு என்று விசாரித்தார். கலியாணம் என்று நான் சொன்னதும் அவள் முகத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். வாத்தியார் சுவரோரமாக ஒரு நாற்காலியில் அமர்ந்திருந்தார். மியாவுக்கும் ஏட்டுக்கும் இடையே மொழிபெயர்க்க அவரையே வைத்திருந்தார்கள்.

“பலூன் எந்தப் பக்கமா போச்சு?” என்று ஏட்டு கேட்டார்.

அது சிப்பாய்கள் பேசும் பேச்சு, பலூனே கிடையாது என்று விளக்கினேன். ஏட்டு வாத்தியார் பக்கம் திரும்பி அப்படியொரு அர்த்தம் உண்டா என்று கேட்டார்.

“நான் படிச்ச இங்கிலீஷ்ல இல்லீங்க. பலூன்னா பலூன்தான்” என்றார் வாத்தியார்.

“அப்ப அந்த அவரைக்கொட்டை? எத்தனை மூட்டை? எங்க கொட்டறதா ஏற்பாடு?”

தானியப் பதுக்கலைப் பற்றியும் அப்போது கெடுபிடி தொடங்கியிருந்தது. அவரைக்கும் ரகசியத்துக்கும் என்ன சம்பந்தம் என்று வெள்ளைக்காரனைத்தான் கேட்க வேண்டும் என்று சொல்லிப் பார்த்தேன். நான் பேசப்பேச எனக்கே அது பொய் போல ஒலித்தது. அது என்ன ரகசியம் என்று அவர் அடுத்துக் கேட்டால் சொல்ல ஒரு பதிலைத் தேடிக்கொண்டிருந்தேன். ஏட்டு பொறுமையாகக் கேட்டுவிட்டு, நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

“இந்த பாருங்க தம்பி, எனக்குக் காது குத்தாதீங்க. எனக்கு எப்பவோ குத்தியாச்சு.”

மியாவுக்குத் தெரிந்த சில தமிழ்ச் சொற்களில் காது ஒன்று. ரங்கூனில் பக்கத்து வீட்டுத் தமிழ்ப் பெண்கள் கண், காது, மூக்கு என்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ஏட்டு காது என்றதும் அவள் இரண்டு கைகளாலும் தன் காதுகளைப் பொத்திக்கொண்டாள். அரக்கான் பாதையில் எங்களோடு நடந்த ஒரு பெண்ணின் தோட்டைத் திருடர்கள் காதோடு பிய்த்துக்கொண்டு ஓடியதை அவள் பார்த்திருந்தாள். மியாவின் காதில் அவளுடைய அம்மா போட்டுவிட்ட இரண்டு சிறிய பச்சைக் கல் தோடுகள் இருந்தன. அவள் வாத்தியாரைப் பார்த்து இங்கிலீஷில் கெஞ்சினாள். தோட்டைத் தானே கழற்றிக் கொடுத்துவிடுவதாகவும், காதை அறுக்க வேண்டாமென்று ஏட்டிடம் சொல்லும்படியும் கேட்டுக்கொண்டாள்.

வாத்தியார் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். யாரும் உன் காதைத் தொடமாட்டார்கள் என்று நிதானமான புத்தக இங்கிலீஷில் அவளுக்குச் சொன்னார். காது குத்துவது என்றால் ஏமாற்றுவது; அது வெறும் பேச்சு வழக்கு; அதற்கும் காதுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. இதைச் சொல்லிக்கொண்டு வந்தவர் கடைசி வாக்கியத்தில் தடுமாறி நின்றுவிட்டார். ஏட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு நாற்காலியை மியாவுக்கு எதிரே இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

அதன் பிறகு அவர் பேசியதெல்லாம் இங்கிலீஷில்தான். ஏட்டுக்குப் புரியாது என்பது அவருக்கு அப்போது சௌகரியமாக இருந்திருக்க வேண்டும். அவருக்கு ஒரே மகன். பட்டாளத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்து சிங்கப்பூருக்குப் போயிருந்தான். சிங்கப்பூர் விழுந்த பிறகு ஒரு தகவலும் இல்லை. அங்கிருந்து தப்பி வந்த ஒரு வெள்ளைக்கார சார்ஜென்ட் பெங்களூர் ராணுவ ஆஸ்பத்திரியில் கிடப்பதாகக் கேள்விப்பட்டு, போய்ப் பார்த்திருக்கிறார். சார்ஜென்டுக்கு மகனைத் தெரிந்திருந்தது. ஆனால் ஆபரேஷனுக்காகச் சார்ஜென்டைக் கட்டிலோடு தள்ளிக்கொண்டு போகிற சமயம். போகிறபோக்கில் ஒரே வாக்கியம் சொன்னான். ‘யுவர் பாய்ஸ் இன் த பேக்.’

உங்கள் பையன் பையில் இருக்கிறான். வாத்தியார் ஊருக்குத் திரும்பி அகராதியைப் பார்த்தார். பேக் என்றால் பை, சாக்கு, கோணி. வேட்டைக்காரன் சுட்ட பறவைகளைப் போட்டுக்கொள்வதும் அதுவே. இறந்த சிப்பாய்களைச் சாக்கில் கட்டிப் புதைப்பார்கள் என்று யாரோ சொன்னதும் அவருக்கு நினைவு வந்தது. மறுபடி பெங்களூர் போய்க் கேட்கக் கால் வரவில்லை. மனைவியிடம் சார்ஜென்டைப் பார்க்கவே முடியவில்லை என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து இந்த வாக்கியத்தை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தார்.

சிப்பாய்கள் பேச்சில் அதற்கு என்ன அர்த்தம் என்று மியாவைக் கேட்டார்.

மியா உடனே சொன்னாள். “பிடிபட்டுவிட்டான் என்று அர்த்தம். கைதியாக இருக்கிறான். உயிரோடு இருப்பவனைப் பற்றித்தான் அப்படிச் சொல்வார்கள்.”

வாத்தியார் நம்பவில்லை. அவர் கண்களில் சற்று முன்பு பலூனைப் பற்றி இருந்த அதே சந்தேகம் திரும்பி வந்தது. தனக்கு ஆறுதல் சொல்வதற்காக இட்டுக்கட்டுகிறாளோ, தப்பித்துக்கொள்வதற்காகச் சொல்கிறாளோ என்று அவர் யோசிப்பது நன்றாகத் தெரிந்தது. உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். மியா என்னைப் பார்த்தாள். வேண்டாம் என்று நான் தலையை மிக லேசாக ஆட்டினேன். அவள் அதைப் பார்த்தாள் என்பது எனக்கு நிச்சயம். பார்த்துவிட்டு அவர் பக்கம் திரும்பி, தான் ராணுவ டெலிபோனில் வேலை செய்ததைச் சொல்லிவிட்டாள். ஒரு நாள் மேஜர் ஒருவர் தன் கம்பெனிச் சிப்பாய்கள் அத்தனை பேரும் பையில் போய்விட்டார்கள் என்று இன்னோர் அதிகாரியிடம் சொன்னதாகவும், பிடிபட்டவர்களின் பெயர்களைக் கேட்டு வாங்க வழி உண்டா என்று அவர் அடுத்துக் கேட்டதாகவும் சொன்னாள். அந்த லைனை இணைத்துக் கொடுத்தவளே அவள்தான்.

இந்த மனிதர்தான் எங்களைப் பிடித்துக் கொடுத்தவர். இனி அவர் வாயிலிருந்து டெலிபோன் என்ற ஒரு வார்த்தை வந்தால் போதும். அது ஏட்டுக்கும் புரிந்துவிடும் என்பது எனக்குத் தாமதமாகத்தான் உறைத்தது. மியா சொன்னபோதே அந்த வார்த்தை வந்துவிட்டதே.

“என்னங்க வாத்தியாரே, டெலிபோன் அது இதுன்னு காதுல விழுது. என்ன சொல்லுது அந்தம்மா?” என்று ஏட்டு கேட்டார்.

வாத்தியார் தலைப்பாகையை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். எவ்வளவு நேரம் துடைத்தார் என்று சொல்ல முடியாது. எனக்கு அது மிக நீண்டதாக இருந்தது.

“ஒண்ணுமில்லீங்க. இவங்க வூட்டுக்கு எதிர்ல டெலிபோன் ஆபீஸாம். வெள்ளைக்காரப் புள்ளைங்களோட படிச்சு வளந்திருக்குது. அந்தப் புள்ளைங்க பேசற பேச்சுங்க இதெல்லாம். நாந்தான் தப்பா அர்த்தம் பண்ணிக்கிட்டேன்.”

ஏட்டுக்கு அரை மனசுதான். எங்கள் பெட்டியை மறுபடி திறந்து துணிகளை உதறிப் பார்த்தார். காரிமங்கலத்தில் சித்தப்பாவின் பெயரையும் என்ன நிலம், எந்தப் பக்கம் என்பதையும் இரண்டு முறை கேட்டுக்கொண்டார். அங்கேயும் ஆள் வந்து விசாரிப்பார்கள் என்று எச்சரித்துவிட்டு எங்களை விட்டார்.

மாலை மூன்று மணி பஸ் வரும்வரை வாத்தியார் எங்களோடு இருந்தார். காபி கிளப்பில் இட்லி வாங்கிக் கொடுத்தார். அவர் வீடு அதே ஊரில்தான்; ஆனால் வீட்டுக்குக் கூப்பிடவில்லை. கூப்பிடாததற்கு அவரே காரணம் சொன்னார். மியாவைப் பார்த்தால் அவர் மனைவி யார் என்ன என்று கேட்பாள். ஒன்றைச் சொன்னால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருக்கும். அந்த அர்த்தம் சரிதானா என்று தமக்கே முழுசாகத் தெரியாதபோது அவளிடம் எப்படிச் சொல்வது என்றார். தம் பெயர் சின்னசாமி என்று பஸ் கிளம்பும்போதுதான் சொன்னார்.

தர்மபுரியில் பஸ் மாறினோம். அங்கிருந்து காரிமங்கலம் பதினைந்து மைல், டிக்கெட் ஐந்து அணா. பஸ் ஓடத் தொடங்கியதும் நான் மியாவின் காதருகில் குனிந்து, அவள் சொன்ன அர்த்தம் நிஜம்தானா என்று கேட்டேன். அவளை அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. அவள் கோபித்துக்கொள்ளவில்லை. மேஜர் சொன்னதை அப்படியே சொன்னதாகவும், அந்த சார்ஜென்ட் என்ன நினைத்துச் சொன்னான் என்பது தனக்கு எப்படித் தெரியும் என்றும் சொன்னாள். பிறகு இருட்டும்வரை ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தாள்.

காரிமங்கலத்தில் ஒன்றரை வருஷம் இருந்தோம். சித்தப்பா எங்களுக்கு மாட்டுக் கொட்டகையை ஒட்டிய அறையை ஒழித்துக் கொடுத்தார். சித்தி முதல் மாதம் முழுவதும் மியாவை அடுப்பண்டை விடவில்லை. பாம்பு சமைப்பாள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். சந்தைக்குப் போனால் பெண்கள் அவளைச் சுற்றி நின்று அவள் பேச வாயைத் திறக்கிறாளா என்று காத்திருப்பார்கள். ஏட்டு சொன்னபடியே ஆள் வந்து விசாரித்துவிட்டுப் போனார்கள். அதற்குள் அவள் சித்தியைப் போல வூடு, வூட்டுக்கு என்று பேசப் பழகிவிட்டாள். அப்படிப் பேசுவதைக் கேட்டுத்தான் சித்தி அவளை அடுப்படிக்குள் விட்டு, களி கிளறக் கற்றுக்கொடுத்தாள். ஊரார் கடைசிவரை அவளை ஜப்பான் என்றுதான் சொன்னார்கள். பிற்பாடு அதில் பயம் மட்டும் குறைந்திருந்தது.

1943 முடியும் சமயம் கோயமுத்தூரில் ஒரு மில்லில் எனக்குக் குமாஸ்தா வேலை கிடைத்தது. அதே சாலையில் எதிர்த்திசையில் கிளம்பினோம். டிக்கெட் விலை மூன்று அணா ஏறியிருந்தது. மழை பெய்து கரடுகளெல்லாம் பச்சை பிடித்துக் கிடந்தன. தர்மபுரி தாண்டி எங்களைப் பிடித்துவைத்த அந்த ஊருக்கு வந்தோம். பஸ் தண்ணீருக்கு நின்றபோது, நான் இறங்க வேண்டாமென்று உட்கார்ந்திருந்தேன். மியா இறங்கிவிட்டாள்; நானும் பின்னாலேயே போனேன்.

பள்ளிக்கூடம் சாலையை ஒட்டித்தான் இருந்தது. வாத்தியார் அவளைப் பார்த்துவிட்டு வகுப்பை விட்டு வெளியே வந்தார். இளைத்திருந்தார். வணக்கம்கூடச் சொல்லாமல், மகனிடமிருந்து ஆறு மாதத்துக்கு முன் ஒரு தபால் அட்டை வந்ததாகச் சொன்னார். ஜப்பான் முகாமில் இருக்கிறான். அச்சடித்த வாசகம்தான், ஆனால் கையெழுத்து அவனுடையது. காரிமங்கலம் வந்து சொல்ல வேண்டுமென்று பல நாள் நினைத்ததாகவும், நாலு பேர் பார்த்தால் என்ன சொல்வார்களோ என்று வராமல் இருந்துவிட்டதாகவும் சொன்னார். மன்னிப்பு என்ற வார்த்தையை அவர் உபயோகிக்கவில்லை.

மியா தமிழில், “உடம்பு நல்லா இருக்குதாங்களா?” என்று கேட்டாள். மகனைத்தான் கேட்டாள். நல்லா இருக்கிறதாக அச்சடித்திருப்பதாக அவர் சொன்னார். அதை எந்த அளவுக்கு நம்பலாம் என்று அவளையே திருப்பிக் கேட்டார். கையெழுத்து அவனுடையது அல்லவா என்று மட்டும் மியா சொன்னாள்.

டிரைவர் ஹாரன் அடித்தார். நாங்கள் ஏறி உட்கார்ந்தோம். மியா என்னிடம் இங்கிலீஷில் ஏதோ சொல்லத் தொடங்கினாள். வாத்தியார் ஜன்னலருகே வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு குரலைத் தணித்தார்.

“பஸ்ல இங்கிலீஷ் பேசாதீங்கம்மா. உள்ள என்னாட்டம் ஒருத்தன் இருப்பான்.”

பஸ் கிளம்பியது. நான் உள்ளே இருந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். சேலம் வரும்வரை மியா தனக்குத் தெரிந்த தமிழிலேயே பேசிக்கொண்டு வந்தாள்.